ரெண்டு பக்கமும் லாபம்

வெளியூரா? இல்லைங்க, இதே ஸ்ரீரங்கம்தான், சித்திரை வீதி. பாருங்க, நீங்களே சிரிக்கிறீங்க! வீட்டை விட்டு நாலு எட்டு வெச்சா கோயில். நான் வாக்கப்பட்டு வந்து, புள்ள காலேஜே முடிச்சிட்டான். வைகுண்ட ஏகாதசியன்னிக்கு இந்தப் பரமபத வாசலை மிதிச்சதே கிடையாது. சத்தியமாங்க.

ஏன்னா கேக்குறீங்க? ஏகாதசி வந்தா ஜீயபுரத்துலேர்ந்து நாத்தனார் அனுசுயா குடும்பம், துவாக்குடியிலேர்ந்து கொழுந்தனார் குடும்பம், அவங்க மாடியில குடியிருக்கறவங்க வரைக்கும் நம்ம வீட்டுலதான். முன்னெல்லாம் நான் முணுமுணுத்தா எங்க வீட்டுக்காரர் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்பார். அப்புறம் ஆபீஸ்ல ஏதோ டிரெய்னிங் குடுத்தாங்க. அதுலேர்ந்து எடுத்ததுக்கெல்லாம் வின்-வின்தான். ரெண்டு பக்கமும் லாபம்னு அர்த்தமாம். ஆனந்தவள்ளி, அவங்களுக்குத் தரிசனம், நமக்குப் புண்ணியம், வின்-வின் பாருங்கறார். அந்த ரெண்டு பக்கத்துல நான் எந்தப் பக்கம்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லலை.

உபவாசம்தானே, சமையல் மிச்சம்னு நினைச்சீங்களா? நல்லாச் சொன்னீங்க போங்க! சோறு கிடையாது, அவ்வளவுதான். உப்புமா, கோதுமை அடை, கேசரி, நடுநடுவுல காபி. சோறாக்குற நாள்லகூட இவ்வளவு வேலை இல்லைங்க. அந்த வீட்டுல நெசமாப் பட்டினி கிடக்கறது நான் ஒருத்திதான், அதுவும் சாப்பிட நேரமில்லாம.

கோவமா? சேச்சே, ஏக்கம்தாங்க. கொட்டுச் சத்தம் சமையக்கட்டு வரைக்கும் கேக்கும். கரண்டியோட கையைக் கூப்பிக்குவேன். போன வருஷம் வாயை விட்டே கேட்டேன், நானும் ஒரு நடை போயிட்டு வரட்டுமான்னு. நாம உள்ளூர்தானே, கூட்டம் கொறைஞ்சப்புறம் நிதானமாப் போலாம், வந்தவங்க இன்னிக்குப் பாக்கட்டும், இதுவும் வின்-வின்தான்னுட்டார். நான் போய் அடுத்த அடையைத் திருப்பிப் போட்டேன்.

போன் அடிக்குதா? ஆமா, அவர்தான். அடிக்கட்டும் விடுங்க. வந்தவங்க அத்தனை பேரும் விடியக்காலையிலயே தரிசனம் முடிச்சுட்டாங்க, இப்பக் காபிக்கு உக்காந்திருக்காங்க. பால் தீந்து போச்சு, ஓடிப் போய் வாங்கிட்டு வான்னார். வாங்கிட்டேங்க. இதோ, பையிலதான் இருக்கு. வெயிலுக்குத் திரிஞ்சா திரியட்டும். கொஞ்சம் முன்னாடி போங்க, வரிசை நகருது.