பேஸுக்கு இருபதுக்கு இருபது

போட்டி நாட்களில் காலைக்கு மிசோ சூப்பும் பதமாக வெந்த முட்டையும் மட்டும்தான் சாப்பிடுவேன். ஊறவைத்த முள்ளங்கியைத் தொடமாட்டேன். கடக் கடக்கென்று மென்றால் அந்தச் சத்தம் தாடை வழியாக ஏறிக் காதைக் களைப்பாக்கிவிடும். முப்பத்தோரு வருடப் பழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் சாப்பிட்டேன். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் நகுமோ: அன்று எனக்கு மயக்கமில்லை, தலைசுற்றலில்லை, கால் மரத்துப்போகவும் இல்லை.

என் பெயர் குராமோச்சி, வயது எழுபத்தொன்று. கார் ஆடியோ போட்டிகளில் நடுவர். ஏரிக்கரை வாகன நிறுத்தத்தில் எழுபது, எண்பது வண்டிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, நாங்களே கொடுத்த மூன்று பாட்டைக் கேட்டு, தாளில் மதிப்பெண் போடுவேன். குரலுக்கு ஒருவர், வாசிப்பவர்கள் எங்கெங்கே நிற்பதாகக் கேட்கிறது என்ற மேடை அமைப்புக்கு ஒருவர், பேஸ் என்னும் அடி ஒலிக்கு நான்.

பேஸ் என்றால் கண்ணாடி அதிர்வது என்று நினைப்பவர்கள் உண்டு. அது வேறு கூட்டம். நாங்கள் தேடுவது நேர் எதிரானது. அடி ஒலியைத் தரும் சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டி இருப்பதோ டிக்கியில், உங்கள் முதுகுக்குப் பின்னால். ஆனால் டபுள் பேஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியத்தை வாசிப்பவர் முன் கண்ணாடிக்கு அப்பால், உங்கள் எதிரே நிற்பதாகக் கேட்க வேண்டும். பின்னாலிருந்து ஒரு துளி கசிந்தாலும் தோல்வி. நல்ல சப்வூஃபர் இருப்பதே தெரியக் கூடாது. இதை நான் பத்திரிகையில்கூட எழுதியிருக்கிறேன்.

ஹயாமி கனாயேயை எனக்கு நான்கு வருடமாகத் தெரியும். முப்பத்தெட்டு வயது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் சொந்தமாக ஒரு கடை வைத்து, வண்டிகளுக்கு ஆடியோ பொருத்திக்கொண்டிருந்தார். பெட்டியைத் தானே அறுத்து, தானே ஒட்டி, தானே கொண்டுவருவார். முதல் வருடம் இருபதுக்கு ஒன்பது போட்டேன். இரண்டாம் வருடம் எட்டு. மூன்றாம் வருடம் மறுபடி ஒன்பது. குறிப்பில் எழுதினேன்: 'பேஸ் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. ஆழத்தைக் கேட்கும் பொறுமை இன்னும் வரவில்லை.' பெண்களின் காது உச்ச ஒலிகளுக்கு நல்லது. அடியில் இருப்பதை அவர்கள் அவ்வளவு தேடுவதில்லை. இதில் அவமதிப்பு எதுவும் இல்லை. ஒருவருக்கு ஒன்று வரும், இன்னொருவருக்கு இன்னொன்று.

மூன்றாம் வருடம் தாளைப் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், எந்தப் பாட்டுல பின்னால இருந்துச்சு?"

"எல்லாத்துலயும்தான்மா."

"எந்த எடத்துலன்னு சொன்னீங்கன்னா சரி பண்ணிடுவேன்."

"சொல்லிக் குடுத்தா வர்ற விஷயமா அது? கேட்டுக் கேட்டுப் பழகணும்."

தலைகுனிந்து வணங்கிவிட்டுப் போனார். அவர் கடையை மூடிவிட்டு வேறொரு கடையில் வேலைக்குச் சேர்ந்ததைப் பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் வட்டாரத்தில் போட்டியில் கோப்பை வெல்லாத கடைக்கு வண்டி வராது. அதற்கு நான் பொறுப்பில்லை.

இந்த வருடம் அவர் போட்டியாளராக வரவில்லை. பல் மருத்துவர் செனோவின் வண்டியைத் தயார் செய்துகொடுக்க வந்திருந்தார். வெள்ளை ஹைப்ரிட் வேகன். செனோ நன்கு படித்தவர். அவர் வீட்டில் இருக்கும் ஒலிபெருக்கிகளைப் பற்றிப் பலரும் பேசுவார்கள். நான் வண்டியில் ஏறியபோது பக்கத்து இருக்கையில் இருந்து, "குராமோச்சி சார் காதுல பட்டா போதும், அதுவே பெரிய பாக்கியம்" என்றார். முகஸ்துதி எனக்குப் பிடிக்காது. கண்ணை மூடிக் கேட்டேன்.

தாளில் எழுதியது இது: 'டபுள் பேஸ் முழுக்க முன்னால் நிற்கிறது. ஆழம், அடக்கம், இரண்டும் உண்டு. சப்வூஃபர் இருப்பதே தெரியவில்லை. இருபதுக்கு இருபது.' முப்பத்தோரு வருடத்தில் நான் முழு மதிப்பெண் போட்டது மூன்றாவது முறை.

மதியம் மூன்று மணி. பரிசளிப்புக்கு இன்னும் ஒரு மணி நேரம். எல்லோரும் மேடைப் பக்கம் விலாங்கு மீன் சோற்றுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார்கள், செனோவும்தான். ஹயாமி என்னைத் தேடி வந்தார்.

"சார், ஒரு நிமிஷம் வர்றீங்களா? செனோ சார் வண்டிய இன்னொரு தடவ கேட்டுப் பாருங்களேன்."

"கேட்டாச்சே. மார்க்கும் போட்டாச்சு."

"பாத்தேன் சார். அதான் கூப்பிடுறேன்."

போனேன். வெற்றி பெற்றவர் யாராவது இன்னும் கொஞ்சம் பாராட்டு கேட்டால் மறுப்பது மரியாதையில்லை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். அவர் வெளியே கதவைப் பிடித்தபடி நின்றார். உள்ளங்கையைத் திறந்து காட்டினார். கட்டைவிரல் நகம் அளவு ஒரு ஃபியூஸ்.

"இது சப்வூஃபருக்குக் கரண்ட் குடுக்கற ஆம்ப்போட ஃபியூஸ். காலைலருந்து என் பாக்கெட்லதான் இருக்கு."

எனக்கு உடனே விளங்கவில்லை.

"நீங்க உக்காந்தப்ப சப்வூஃபர் ஓடவே இல்ல சார். கதவுல இருக்கற ஸ்பீக்கர் மட்டும்தான் பாடுச்சு. 'இருப்பதே தெரியவில்லை'ன்னு எழுதிருக்கீங்க. அது சத்தியமான வார்த்தை."

சிரித்தார். பெரிய சிரிப்பில்லை. உதட்டோரத்தில் வந்து நின்றுவிட்ட சிரிப்பு.

இதற்கு விளக்கம் இருக்கிறது. அடி ஒலி இல்லாவிட்டாலும் அதன் மேல் அலைகள் கதவு ஸ்பீக்கரில் வரும், மீதியை மூளையே நிரப்பிக்கொள்ளும். எந்தக் காதுக்கும் நேரக்கூடியது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"விளக்கமெல்லாம் வேணாம் சார்," என்றார். "டிக்கில இருக்கற பெட்டி எதுன்னு தெரியுமா? போன வருஷம் நீங்க ஒம்போது போட்டீங்களே, அதே பெட்டி. கழட்டிக் கொண்டாந்து இதுல வெச்சேன். நான் உக்காந்திருந்தப்ப ஒம்போது. டாக்டர் உக்காந்திருந்தா, அது செத்துக் கெடந்தாக்கூட இருபது."

"என்ன செய்யப் போற?"

"மேடைல சொல்லுவேன். டாக்டருக்கு இன்னும் தெரியாது. கோச்சுக்கத்தான் போறாரு, பரவால்ல. ஆனா அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ நெசமாவே கேக்கணும். மூணு வருஷமா நீங்க அதக் கேக்கவே இல்ல. அது ஒண்ணுதான் சார் எனக்கு வயித்தெரிச்சல்."

வண்டிக்குப் பின்னால் போய் டிக்கியைத் திறந்தார். குனிந்து ஃபியூஸைப் பொருத்தும் சத்தம் கேட்டது. பின் இருக்கைக்கு மேலே அவர் முதுகு பின்பார்வைக் கண்ணாடியில் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஏரியின் தடுப்புச் சுவர், இரண்டு மீட்டர் தள்ளி.

மூன்றாவது பாட்டு ஓடியது. தனி டபுள் பேஸ். அடித் தந்தியை வில்லால் இழுக்கும் இடம் வந்தது.

நகுமோ, நான் உண்மையைச் சொல்வதாக உறுதி கொடுத்திருக்கிறேன். அதனால் இதையும் சொல்கிறேன். ஒலி பின்னாலிருந்து வரவில்லை. எதிரே, ஏரிக்கு மேலே, ஒரு மனிதர் நின்று வாசித்தார். அவர் கால் ஊன்றி நின்ற பலகைகூடக் கேட்டது. வில் தந்தியை விட்ட பிறகு மரத்துக்குள் மிச்சமிருந்த காற்று அடங்குவது கேட்டது. அப்படி ஒன்றை நான் எந்த வண்டியிலும் கேட்டதில்லை. காலையில் என் மூளை நிரப்பிக்கொண்டது இதில் கால்வாசி இல்லை. முன்பு மூன்று வருடமும் இதே ஒலி இதே மாதிரி என் முன்னால் நின்றிருக்கிறது. நான் தாளில் ஒன்பது, எட்டு, ஒன்பது என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"கேக்குதா சார்?"

சாவி இருக்கைக்குப் பக்கத்தில் கப் வைக்கும் குழியில் இருந்தது. அந்த மாதிரி வண்டி பிரேக்கை மிதித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினால்தான் உயிர் பெறும். பிரேக்கை மிதித்தேன். பொத்தானை அழுத்தினேன். ஹைப்ரிட் என்பதால் சத்தமே இல்லை. கியரைப் பின்னோக்கிப் போட்டேன். பீப் பீப் என்று வண்டிக்குள் ஒலித்தது, இசைக்கு இடைஞ்சலாக. பிறகு காலைப் பிரேக்கிலிருந்து எடுத்து ஆக்ஸிலேட்டரில் வைத்து அழுத்தினேன். இந்த வரிசையில்தான் செய்தேன். எந்த இடத்திலும் குழம்பவில்லை.

சுவரில் மோதி வண்டி நின்றது. பாட்டு நிற்கவில்லை. பெட்டி அவ்வளவு உறுதி. இன்னும் நாற்பது விநாடி மீதமிருந்தது. பாதியில் எழுந்துபோவது நடுவருக்கு அழகல்ல. முடியும்வரை கேட்டேன். இடையில் பின்னாலிருந்து ஹயாமி ஏதோ சொன்னார். இரண்டு தடவை. என்ன சொன்னார் என்று கவனிக்கவில்லை.

அதன்பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் செய்தது. ஓடிவந்தவர்கள் என்னை இறக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். யாரோ பார்லி டீ கொடுத்தார்கள். "ஜெயிச்ச வண்டிய மேடைக்குக் கொண்டுபோகலாம்னு எடுத்திருப்பாரு. பாவம், பெடல் மாறிப்போச்சு" என்று ஒருவர் சொன்னார். அடுத்தவரும் அதையே சொன்னார். உங்கள் ஆட்கள் வந்தபோது எனக்காக அது எழுதப்பட்டே இருந்தது. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். முதியவர், பெடல் குழப்பம். செய்தித்தாளில் நான்கு வரி.

அதோடு விட்டிருக்கலாம். ஃபியூஸ் விஷயம் ஹயாமிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

இறந்தவருக்குச் செய்யும் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்குப் போனேன். ஹயாமியின் தம்பி யோஜி, மீன்பிடிப் படகில் வேலை செய்கிறவர். கறுப்புக் கோட்டு தோளில் இறுக்கமாக இருந்தது. நான் ஊதுபத்தி ஏற்றிவிட்டுத் திரும்பியதும் என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"தாத்தா," என்றார். "உங்க மேல எங்களுக்குக் கோவமில்ல. வயசானா கை கால் சொன்ன பேச்சு கேக்காது. எங்கப்பாவும் அப்படித்தான், கடைசில செருப்பக்கூட மாத்திப் போட்டுக்கிட்டிருந்தாரு."

"நான் ஒண்ணும்..."

"விடுங்க தாத்தா. வண்டி ஓட்டுற லைசென்ஸ மட்டும் போலீஸ்ல திருப்பிக் குடுத்துடுங்க, அது போதும். அக்கா உங்களப் பத்திப் பேசுவா. 'அவரு ஒரு நாள் நல்லாயிருக்குன்னு சொல்லிட்டாப் போதும்டா'ம்பா. அன்னிக்கு டாக்டர் வண்டிக்கு இருபது போட்டீங்களாமே, செனோ சார் சொன்னாரு. அந்த சந்தோஷத்தோடதான் போயிருப்பா. ரொம்ப நன்றி."

நெற்றி பாயில் படும்வரை குனிந்தார். அந்த அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அனுதாபத்தோடு. ஒரு பெண் என் முழங்கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிவந்தாள். ஷூவைத் திருப்பி வைத்து, "வலது கால் இது தாத்தா" என்றாள்.

மறுநாள் காலை இங்கே, உங்கள் காவல் நிலையத்துக்கு வந்தேன். எனக்கு மனசாட்சி உறுத்தியதாக உங்கள் உதவியாளர் எழுதிக்கொண்டிருந்தார். திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். நான் வந்தது ஒரு பிழையைத் திருத்த. நீங்கள் அனுப்பிய மருத்துவர் என் காதைச் சோதித்தார். வயதுக்கு மிக நல்ல காது என்றார். கண், கால், நினைவு எல்லாம் அப்படித்தான். அப்படிப்பட்ட ஒருவனைத் தடுமாறியவன் என்று அரசாங்கத் தாளில் எழுதிவைப்பது நியாயமில்லை. ஹயாமி கனாயேயை நான் கொன்றேன். தெரிந்து, பார்த்து, கேட்டுக்கொண்டே கொன்றேன்.

நீங்கள் தட்டச்சு செய்துவந்த வாக்குமூலத்தைப் படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில் 'ஆத்திரத்தில்' என்று ஒரு சொல் இருந்தது.

"அது இருந்தா உங்களுக்குத்தான் நல்லது, குராமோச்சி சார்," என்றீர்கள். "கோர்ட்டுல கொஞ்சம் எறங்கி வருவாங்க."

உங்கள் அக்கறைக்கு நன்றி. ஆனால் ஆத்திரப்பட்டவனுக்கு அளவு தெரியாது. எனக்கு அன்றும் இன்றும் கோபமில்லை. அந்தச் சொல்லை அடித்துவிட்டு, மேலே 'நிதானமாக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அடித்த இடத்தில் தாள் கிழிந்துவிட்டது. அதற்குக் கீழிருந்த இரண்டு தாள்களும் கிழிந்திருக்கின்றன, மேசையிலும் கொஞ்சம் கோடு விழுந்திருக்கிறது. நீங்கள் இங்கே பயன்படுத்தும் காகிதம் மிகவும் மெல்லியது.