சாறு வைக்காத கோழி

எண்பதுகளில் ஒரு மழைக்காலம். ஏற்காட்டிலிருந்து வாழவந்தி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் எஸ்டேட் வேலைக்காரப் பெண்கள் இருவர். இளையவள் மடியில் ஒரு கூடை. அதற்குள் கழுத்து தொங்கிப்போன கோழி. குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையை எடுத்து அதன் அலகில் வைத்தாள்.

“ஏங்கண்ணு, கோழிக்கா பாலாடையில ஊத்தற?”

“மஞ்சத் தண்ணிங்கக்கா. மூணு நாளாக் கழிச்சலு. டாக்டரு ஊசி போட்டுட்டு, ஊட்டுல வெச்சுப் பாத்துக்கச் சொல்லிட்டாருங்க.”

“கழிச்சல் கண்டது பொழைக்காது. சாவறதுக்குள்ள அறுத்துக் கொழம்பு வெச்சிரு.”

“பெத்த ஒடம்புக்குச் சாறு வெச்சுக் குடிக்கோணும்னு எங்கம்மா குடுத்துவுட்ட கோழிங்கக்கா. பொறந்த புள்ளையே தங்கல. அப்புறம் இத எப்படி அறுக்கறது?”

மூத்தவள் சன்னலை இழுத்துச் சாத்தினாள். வெளியே ஒரே மூடுபனி.

“செரி, அந்தப் பாலாடையக் கழுவிப் பத்தரமா வெய்யி கண்ணு. அடுத்த கொழந்தைக்கு ஆவும்.”

இளையவள் முந்தானையால் அலகைத் துடைத்தாள்.

“எம்புள்ள இதுல ஒரு வாயிகூடக் குடிக்கலீங்கக்கா. இதாச்சும் குடிக்குதே.”