பரமசிவன் வாங்காத தபால்

சங்கரேஸ்வரி: செருப்ப வாசல்ல கழத்த வேண்டாம். போட்டுட்டே உள்ள போலாம்.

பரமசிவன்: உனக்கெப்படித் தெரியும்?

சங்கரேஸ்வரி: போறவன் எல்லாம் போட்டுட்டுத்தான போறான். கண்ணு தெரியலயா உங்களுக்கு?

பரமசிவன்: நான் இன்னும் உள்ள போறதா முடிவு பண்ணலட்டி.

சங்கரேஸ்வரி: பஸ்ஸ விட்டு இறங்கி இருவது நிமிசம் ஆச்சு. வீட்டுக்கடன் ஆபீசு வாசல்ல நின்னு வெயில் காயவா மேலகரத்துல இருந்து தென்காசிக்கு வந்தோம்?

பரமசிவன்: ஒரு விசயம் சொல்லணும். சொன்னா மயங்கி விழுந்துரக் கூடாது.

சங்கரேஸ்வரி: வாசல்ல விழ மாட்டேன். உள்ள ஃபேன் இருக்கும், அங்கன போயி விழுதேன். சொல்லுங்க.

பரமசிவன்: மாடி கட்டக் கடன் வாங்குனோம்லா...

சங்கரேஸ்வரி: ஆமா. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

பரமசிவன்: அதுக்கு அஞ்சு மாசமா தவணை கட்டல.

சங்கரேஸ்வரி: அய்யோ.

பரமசிவன்: என்னது, அய்யோங்கறத இவ்வளவு மெதுவாச் சொல்லுத?

சங்கரேஸ்வரி: பின்ன, நடுரோட்டுல நின்னு கத்தவா? நாலு பேரு பாக்காங்க.

பரமசிவன்: சீசன நம்பி மோசம் போயிட்டேன் ஈஸ்வரி. மாடில ரெண்டு ரூம் போட்டு, குற்றாலத்துக்குக் குளிக்க வாரவங்களுக்கு விட்டா மூணு மாசத்துல ஒரு வருசத் தவணை தேறிரும்னு நெனச்சேன். மொத வருசம் தேறுச்சு. அடுத்த வருசம் வெள்ளம், குளிக்கத் தடைன்னுட்டான். இந்த வருசம் சாரலே இல்ல. ஐந்தருவில வெறும் பாறையப் பாக்க எவன் வருவான்?

சங்கரேஸ்வரி: மாடில விரிச்ச பெட்ஷீட்டு மடிப்புக் கலையாமக் கிடக்கு. தெரியும்லா எனக்கு.

பரமசிவன்: நேத்து இலஞ்சில ஒரு வீட்டப் பாத்தேன். கதவுல நோட்டீசு ஒட்டியிருக்கான். அந்த வீட்டுப் பொம்பள அதுக்கு முன்னாடி கோலம் போட்டுக்கிட்டு இருந்தா. நிமிந்தே பாக்கல. எனக்கு ராத்திரி சோறு இறங்கல.

சங்கரேஸ்வரி: அதான் பாதித் தட்டுல கை கழுவுனீங்களா?

பரமசிவன்: நம்ம தெருவுல எஸ்.ஐ. வீடுன்னுதான் அடையாளமே சொல்லுதான். அந்தக் கதவுல ஒட்டுனா நான் எப்படி வெளிய நடமாடுவேன்? நான் எவன் முன்னாலயும் போயி நின்னதில்லட்டி. முப்பத்தொரு வருச சர்வீஸ். என் முன்னாலதான் நின்னிருக்கான்.

சங்கரேஸ்வரி: இங்கயும் யாரும் நிக்கச் சொல்லல. நாற்காலி போட்டிருக்கான். வாங்க.

அஃப்ரின்: வாங்கக்கா, வந்துட்டீங்க... வணக்கம் சார். உக்காருங்க. என் பேரு அஃப்ரின். தவணை நின்னு போன கடன் எல்லாம் நான்தான் பாக்கேன்.

பரமசிவன்: இவள உங்களுக்கு முன்னமே தெரியுமா?

அஃப்ரின்: எங்க செங்கோட்டைல எல்லாரையும் அக்கான்னுதான் சார் கூப்பிடுவோம்.

பரமசிவன்: என்னய சார்ங்கறீங்களே.

அஃப்ரின்: அண்ணாச்சின்னு கூப்பிடட்டுமா?

பரமசிவன்: வேண்டாம். சாரே இருக்கட்டும்.

சங்கரேஸ்வரி: ரிட்டயர் ஆயி நாலு வருசமாச்சு. இன்னும் தொப்பிய இறக்கல.

பரமசிவன்: நீ சும்மா இருட்டி. மேடம், மொதல்லயே சொல்லிருதேன். நான் தள்ளுபடி கேக்க வரல. வாங்குன காசு, வட்டியோட கட்டுவேன். கொஞ்சம் காலம் வேணும். அவ்வளவுதான்.

அஃப்ரின்: இங்கன தள்ளுபடிய யாரும் தட்டுல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கல சார்.

பரமசிவன்: அப்பச் சரி. பொருத்தமாப் போச்சு.

அஃப்ரின்: ஆனா ஒண்ணு கேக்கணும். மூணு ரிஜிஸ்டர் தபால் அனுப்புனோம். ரெண்டு திரும்பி வந்துட்டு. வாங்க மறுத்துட்டார்னு எழுதியிருக்கு.

பரமசிவன்: ஆமா, மறுத்தேன். போஸ்ட்மேன் முகம்மது மீரான் கேட்டுக்கு வெளிய நின்னு, அய்யா ஒரு கையெழுத்தும்பாரு. நான் பேனாவத் தொட மாட்டேன்.

சங்கரேஸ்வரி: பெருமையப் பாரு!

பரமசிவன்: பெருமை இல்லட்டி, அனுபவம். பதினாலு வருசம் கோர்ட்டு சம்மனக் கொண்டு போயிக் குடுத்தவன் மேடம் நான். எத்தனை பேரு கொல்லப்பக்கமா ஓடியிருக்கான் தெரியுமா? புளியறைல ஒருத்தன் நெல்லு கொட்டுற பத்தாயத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டான். ஆளு கைல சேரலன்னா கேசு நகராது. தேதி தள்ளித் தள்ளிப் போவும். அந்த நெனப்புல...

அஃப்ரின்: கோர்ட்டு தேதியத் தள்ளி வைக்கும் சார். வட்டி தள்ளி வைக்காது. அதோட, அந்த மொத தபால் மிரட்டல் தபாலே இல்ல. கஷ்டம்னா வந்து பேசுங்க, தவணையக் குறைச்சு மாத்தித் தாரோம்னு எழுதியிருந்தோம். அன்னைக்கே வந்திருந்தா அபராதம் இவ்வளவு ஏறியிருக்காது.

பரமசிவன்: உதவி பண்ணுதேன்னு வந்த தபாலயா திருப்பி அனுப்புனேன்?

சங்கரேஸ்வரி: ரெண்டு வாட்டி.

பரமசிவன்: எண்ணாதட்டி! ... நான் ஒரு கூறுகெட்டவன் மேடம்.

சங்கரேஸ்வரி: அந்தப் பேச்சு வேண்டாம். வேற யாரும் உங்கள அப்படிச் சொன்னா விட்டுருவேனா நான்?

பரமசிவன்: இருங்க. மூணுல ரெண்டு திரும்பி வந்துட்டுன்னீங்க. மூணாவது?

அஃப்ரின்: அது... வாங்கியாச்சுன்னு அட்டை வந்திருக்கு.

பரமசிவன்: யாரு வாங்குனா?

அஃப்ரின்: அக்கா, தண்ணி குடிக்கீங்களா?

சங்கரேஸ்வரி: நானே எடுத்துக்கிடுதேன். பீரோவுக்குப் பின்னாலதான கேனு?

பரமசிவன்: ஏட்டி, பீரோவுக்குப் பின்னால கேன் இருக்குன்னு...

அஃப்ரின்: சார், சார்! கடிதம் ஒண்ணு எழுதணும். என்ன கஷ்டம், எதனால கட்ட முடியலன்னு. நீங்களே எழுதணும்.

பரமசிவன்: குடுங்க. எழுதுறதுக்கென்ன... ம்... இந்தாங்க.

அஃப்ரின்: 'மேற்படி விலாசத்தில் வசிக்கும் மேற்படி பரமசிவன் ஆகிய நான், மேற்படி கடன் தொடர்பாக...' சார், இது எஃப்.ஐ.ஆர். மாதிரி இருக்கு.

சங்கரேஸ்வரி: எனக்கு எழுதுன மொத கடிதமே இப்படித்தான். மேற்படி சங்கரேஸ்வரிக்குன்னு ஆரம்பிச்சிருந்தாக.

பரமசிவன்: அத எதுக்குட்டி இங்கன...

அஃப்ரின்: கஷ்டம்ங்கற வார்த்தையே இதுல வரலையே சார்.

பரமசிவன்: அது எழுத வர மாட்டேங்கு.

அஃப்ரின்: எழுத்து வரலையா, மனசு வரலையா?

பரமசிவன்: ... குடுங்க அத. வேற எழுதுதேன்.

அஃப்ரின்: மெதுவா எழுதுங்க. அவசரமில்ல.

பரமசிவன்: படிங்க.

அஃப்ரின்: 'அருவியில் தண்ணீர் இல்லை. அதனால் எங்களுக்கு வருமானம் இல்லை. கஷ்டப்படுகிறோம். உங்கள் தபாலை வாங்காதது என் தவறு. வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள அவகாசம் தர வேண்டுகிறேன்.' ... இது போதும் சார். கொள்ளாம், நல்லாருக்கு.

சங்கரேஸ்வரி: எழுத்து இன்னும் அச்சு அச்சாத்தான் இருக்கு.

அஃப்ரின்: அடுத்து மாச வருமானம்.

பரமசிவன்: பென்சன் வருது. அது போக... அது போக இன்னொண்ணு இருக்கு. இவள கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லலாமா?

அஃப்ரின்: கடன்ல அவங்க பேரும் இருக்கு சார். வீட்டுலயும்.

சங்கரேஸ்வரி: நான் எங்கனயும் போவல. சொல்லுங்க.

பரமசிவன்: புளியங்குடில எலுமிச்சங்கா கமிசன் கடை ஒண்ணு. காலைல லோடு ஏத்தும்போது கூட நின்னு பாத்துக்கிடணும். கேரளா போற மூட்டை மதுரை லாரில ஏறிரக் கூடாது. ரெண்டு மாசமாப் போறேன். முதலாளி கைப்பட எழுதிக் குடுத்த சம்பளச் சீட்டு, இந்தாங்க.

சங்கரேஸ்வரி: உங்க கூட்டாளி செல்லப்பா அண்ணாச்சிக்கு உடம்பு சரியில்ல, பாத்துட்டு வாரேன்னுல்லா தெனமும் போனீங்க?

பரமசிவன்: ஆமா.

சங்கரேஸ்வரி: ரெண்டு மாசமா ஒரு மனுசனப் படுக்கைல போட்டு வச்சிருந்தீங்களே!

பரமசிவன்: அவன் நல்லாத்தான் இருக்கான்.

சங்கரேஸ்வரி: எனக்குத் தெரியாதா? ஆடி வெள்ளிக்குக் கோயில்ல பாத்தேன். தேர் வடம் இழுக்கச் சொன்னாலும் இழுப்பாரு, அப்படி நிக்காரு.

பரமசிவன்: தெரியுமா உனக்கு?

சங்கரேஸ்வரி: சீக்காளியப் பாத்துட்டு வாரவரு சட்டைல எலுமிச்சங்கா வாசம் எப்படிங்க வரும்? ஒரே வாரத்துல தெரிஞ்சு போச்சு.

பரமசிவன்: கேக்கலியே நீ.

சங்கரேஸ்வரி: எதுக்குக் கேக்கணும்? எஸ்.ஐ.யா இருந்தவரு, இந்த வயசுல, வீட்டுக்காக லாரிப் பக்கத்துல நிக்காரு. அதக் கேட்டு உங்களத் தலை குனிய வைக்கவா? உங்களுக்குத் தெரியாது. அந்தச் சட்டையத் தொவைக்கும்போது எனக்கு அவ்வளவு பெருமையா இருக்கும். கொடில போட்டுட்டு நின்னு பாப்பேன்.

பரமசிவன்: சரி, அழாதட்டி.

சங்கரேஸ்வரி: நான் எங்க அழுதேன்? நீங்கதான் அழுதீங்க.

அஃப்ரின்: ரெண்டு பேரும் தள்ளி உக்காந்து அழுங்க. ஃபாரம் நனைஞ்சா திரும்ப மொதல்ல இருந்து எழுதணும்.

பரமசிவன்: நான் அழல மேடம். கண்ணுல ஆபரேசன் பண்ணியிருக்கு. நீங்க சொல்லுங்க.

அஃப்ரின்: கேளுங்க. இப்பத் தவணை மாசம் பதினெட்டாயிரம். அத பதிமூணாக் குறைக்கலாம். அஞ்சு மாச பாக்கி கடனோட சேந்துரும். ஆனா முடியிற காலம் அஞ்சு வருசம் கூடும், மொத்த வட்டியும் கூடத்தான் போவும். அதச் சொல்லாம நான் கையெழுத்து வாங்க மாட்டேன்.

பரமசிவன்: அப்ப முடிக்கும்போது எனக்கு எழுபத்து நாலு.

சங்கரேஸ்வரி: எங்க மாமனாரு எண்பத்தொம்பது வரைக்கும் சைக்கிள் மிதிச்சாரு மேடம். இவுக கட்டிருவாக.

பரமசிவன்: நல்ல சீசன் வந்து கைல காசு வந்தா முன்னாடியே கட்டலாமா?

அஃப்ரின்: தாராளமா.

பரமசிவன்: வீட்டுக் கதவுல ஒண்ணும் ஒட்ட மாட்டீங்களே?

அஃப்ரின்: மாத்துன தவணையச் சரியாக் கட்டுங்க சார். யாரும் உங்க தெருப்பக்கம் வர மாட்டோம்.

பரமசிவன்: எங்கன போடணும்?

அஃப்ரின்: இங்கன, உங்க பேருக்கு நேர.

பரமசிவன்: இவ பேருக்கு நேர ஏற்கனவே... இது இவ கையெழுத்துல்லா! தேதி ஒம்பது போட்டிருக்கு. இன்னைக்குப் பத்தொம்பது. ஈஸ்வரி.

சங்கரேஸ்வரி: ம்.

பரமசிவன்: அந்த மூணாவது தபால வாங்குனது நீ.

சங்கரேஸ்வரி: நீங்க புளியங்குடி போயிட்டீங்க. மீரான் பாய் திருப்பி அனுப்பப் போனாரு. பாய், அதுல எம் பேரும் இருக்கு, குடுங்கன்னு வாங்கிட்டேன்.

பரமசிவன்: அப்ப வாசல்ல அய்யோன்னது?

சங்கரேஸ்வரி: அன்னைக்குச் சொன்னதுல மிச்சம் இருந்துச்சு.

பரமசிவன்: முப்பத்தொரு வருசம் போலீசு. எம் பொண்டாட்டி பத்து நாளா என்ன பண்ணுதான்னு கண்டுபிடிக்க முடியல!

அஃப்ரின்: கோவப்படாதீங்க சார். தபால் வாங்குன மறுநாளே அக்கா வந்துட்டாங்க. எல்லாம் கேட்டாங்க, கையெழுத்துப் போட்டாங்க. ரெண்டு பேரும் போடணும், நாளைக்கே சாரக் கூட்டிட்டு வாங்கன்னேன். முடியாதுன்னுட்டாங்க.

பரமசிவன்: முடியாதுன்னாளா?

அஃப்ரின்: பத்து நாளுக்கு மேல ஃபைல வச்சிருக்க முடியாதுன்னு சண்டையே போட்டேன். தெனமும் போன் பண்ணுவாங்க. இன்னைக்கு வரல, நாளைக்கு வந்துருவாகன்னு. இன்னைக்குத்தான் கடைசி நாள்.

பரமசிவன்: கடைசி நாளா? வீடு போயிருக்கும்ட்டி! என்ன தைரியத்துல பேசாம இருந்த? சட்டையப் புடிச்சு இழுத்துட்டு வந்திருக்க வேண்டாமா நீ?

சங்கரேஸ்வரி: இழுத்துட்டு வந்திருந்தா வீடு மட்டும் மிஞ்சியிருக்கும். அந்த வீட்டுக்குள்ள நீங்க என்னையப் பாத்துத் தலை நிமிந்து நடந்திருக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும்லா? பத்து நாளும் காலண்டரப் பாத்துக்கிட்டுத்தான் கிடந்தேன். காலைல நீங்களா வந்து, தென்காசி வரைக்கும் போவோம், கிளம்புன்னீங்கள்ல... அடுப்படிக்குள்ள போயி சேல முந்தானைய வாயில வச்சுக்கிட்டு அழுதேன், சந்தோசத்துல. கையெழுத்தப் போடுங்க. பாவம், அந்தப் பிள்ளையும் எவ்வளவு நேரம் பேனாவ நீட்டிக்கிட்டே இருக்கும்?