கூன் விழுந்த மீன்கள்

இந்த அறை எனக்குப் பிடித்திருக்கிறது, ஐயா. எதிரே உட்கார்ந்து, நான் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க ஓர் ஆள் இருக்கிறீர்கள்.

மீன் பண்ணையில் தீவனம் கலப்பது என் வேலை. தவிடு, மீன்தூள், எண்ணெய் எல்லாம் கலந்து, ஆறிய பிறகு கடைசியாகப் போடுவது வைட்டமின் தூள். ஒரு கோடையில் அந்த மூட்டையைத் தகரக் கூரைக்கு அடியில் வைத்துத் தொலைத்தேன். வெக்கையில் சத்தெல்லாம் போய்விட்டது. மீன்கள் வயிறாரத்தான் தின்றன. ஆனாலும் முதுகு வளைந்து, கூன் விழுந்து நீந்தின. மீன் டாக்டர் வந்து எட்டு நாள் தங்கினார். என்னோடு சாப்பிட்டார், வாய் நிறைய அண்ணே என்று கூப்பிட்டார். புதுத் தூள் போட்டதும் நோய் நின்றது, அவரும் போய்விட்டார்.

அடுத்த வருடம் வேண்டுமென்றே தூள் போடாமல் விட்டேன். மறுபடியும் வந்தார்.

வீட்டில் மனைவி படுத்த படுக்கை. மகன் வெளியூரில். போன் செய்தால், வேலையாக இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்பான். அந்த அப்புறம் வரவே வராது. அவன் அறையைத் தினமும் பெருக்கி வைப்பேன். தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்குச் சோறே கசந்துபோனது.

அவளுக்குச் சமைத்து ஊட்டுவது நான்தான். காயும் பழமும் நிறுத்தினேன். சோறு, முட்டை, ரொட்டி, எதிலும் குறை வைக்கவில்லை. மூன்றாம் மாதம் ஈறில் ரத்தம் கசிந்தது, காலெல்லாம் கன்றிப்போனது. மகன் அலறியடித்துக்கொண்டு வந்தான். பன்னிரண்டு நாள் என் பக்கத்தில் படுத்தான்.

"நீங்க மட்டும் இல்லேன்னா அம்மாவை யாருப்பா பாத்துப்பாங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

டாக்டர் எழுதிக்கொடுத்த வைட்டமின் மாத்திரையில் அவள் தேறினாள். அவன் கிளம்பிவிட்டான். நான் மாத்திரையை நிறுத்தினேன்.

"நாக்கு செத்துப்போச்சுங்க. ஒரு எலுமிச்சம்பழமாவது பிழிஞ்சு குடுங்க" என்று கேட்டாள்.

நாளைக்கு வாங்கி வருகிறேன் என்றேன். அப்படியே மூன்று மாதம் ஓட்டினேன். இந்த முறை மகன் வர ஒரு வாரம் தாமதமானது. அவள் அதுவரை தாங்கவில்லை. ஆமாம் ஐயா, நான்தான் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன்.

அரிசி டப்பாவுக்குள் நான் ஒளித்து வைத்த மாத்திரைகளைக் கண்டெடுத்து உங்களிடம் கொடுத்தவன் அவன்தானாமே. வழக்கு முடியும்வரை இந்த ஊரைவிட்டு நகரமாட்டேன் என்கிறானாம். பார்த்தீர்களா ஐயா, அப்பாவைத் தனியாக விட்டுப் போக அவனுக்கு மனசு வரவில்லை.