செங்காய்ச் சாறு

இல்லீங்க டாக்டர் ஐயா, கேப்பைக் கூழுதான் குடிச்சா. வேற ஒண்ணும் குடுக்கல. விடியக்காலையிலேருந்து பச்சப் பச்சையா வாந்தி எடுத்துக்கினு இருக்கா. திண்டிவனத்துல ரயிலு ஏறி விழுப்புரம் வந்து சேர்றதுக்குள்ள என் உசுரே போயிடுச்சி. எம் பொண்ணுக்கு ஆறு வயசுங்க. இருதயமேரி.

நானா? ஜாம் கம்பெனியில கூலிங்க, கிளியனூர் ரோட்டுல. பட்டாளத்துக்குப் போற ஜாமு. அது இறுகறதுக்குப் பெக்டின்னு ஒண்ணு சீமையிலேருந்து வரும். சண்டை வந்து கப்பலு நின்னு போச்சா, இப்போ கொய்யாவிலேருந்து நாங்களே எடுக்கறோம். பழுத்தது ஆவாது, செங்காயா இருக்கணும். அரிஞ்சி, எலுமிச்சம்பழம் புழிஞ்சி, வேகவெச்சி, துணியில மூட்டை கட்டி அண்டாவுக்கு மேல தொங்க வுடுவோம். மூட்டையப் புழியக்கூடாது, கலங்கிப்புடும். அதுவா சொட்டணும். அதுல ஒரு ஸ்பூனு எடுத்து ஸ்பிரிட்டுல வுட்டா கட்டியா தெரண்டு நிக்கும். அப்போதான் மொதலாளி சரிம்பாரு.

பித்தள அண்டாதாங்க. ஈயமா? வருசா வருசம் கமாலுதீன் பாய் வந்து பூசுவாரு. இந்த வருசம் ஈயமே கெடைக்கலன்ட்டாரு. மலேயாவ ஜப்பான்காரன் புடிச்சிக்கினானாமே. புளி போட்டு நல்லா தேச்சா போதும்னாரு மொதலாளி. நான்தான் தேச்சேன். மொகம் தெரியற மாதிரி தேச்சேங்க.

என்னங்க ஐயா, மொகம் மாறுது?

களிம்பு தெரியுங்க, புளிப்பு பட்டா ஊறுற பச்ச வெஷம். ஈயம் இல்லாத பித்தளையில எங்க வூட்டுல புளிக்கொழம்பு வெக்க மாட்டோம். இது பழந்தானேன்னு இருந்துட்டேன். எலுமிச்சம்பழம் புழிஞ்சது நானேதான், அப்பவும் தோணலியே.

சனிக்கெழம சொட்டுன சாறு அண்டாவுலயே நின்னுபோச்சி. ஞாயித்துக்கெழம பூசைக்குப் போயிட்டோம். நேத்து வந்து பாத்தா லேசாப் பச்ச. கொய்யாத் தோலு நெறம்னு நெனச்சேன். கால்வாயில கொட்டுன்னாரு மொதலாளி. கொட்டிட்டேன்னு சொன்னேன்.

கூழுன்னது பொய்ங்க. திருடின்னு வேலைய வுட்டுத் தொரத்திடுவாங்கன்னு சொன்னேன். அந்தச் சாறுல ஒரு தூக்கு மொண்டாந்து வெல்லம் போட்டுக் காச்சினேன். தட்டுல ஆறவெச்சா, ஆடுதும்மா, ஆடுதும்மான்னு கைகொட்டிச் சிரிச்சா.

ஒரு வாய்தாங்க தின்னா. கசக்குதும்மான்னு தட்டத் தள்ளிட்டா. நான்தான் அதட்டி, மடியில இறுக்கிப் புடிச்சிக்கினு, மிச்சத்த ஊட்டி வுட்டேன்.