பக்கத்து வீட்டுக் காரின் பராமரிப்பு

எனக்கு டயர் வீணாவது பிடிக்காது. ஒரே இடத்தில் நிற்கும் டயர், ஓடித் தேய்வதைவிடச் சீக்கிரமாக நின்றே கெட்டுப்போகும். கார் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கெய்ரோவில் எங்கள் ஷுப்ரா தெருவில் பக்கத்து வீட்டு ருஷ்திக்கும் எனக்கும் ஒரே மாடல், ஒரே வெள்ளைக் கார். அவர் வெள்ளிக்கிழமை மட்டும் எடுப்பார். மற்ற நாளெல்லாம் அது உறை போர்த்திக்கொண்டு தூங்கும். தூங்குகிற காருக்கு ஆயில் மாற்றுவார், புது டயர் போடுவார். நானோ தினமும் ஊரின் மறுகோடியில் இருக்கும் ஹெல்வான் வரை போய் வருகிறவன். என் டயர்களோ வழுக்கை. உலகத்தில் ஒரு நியாயம் வேண்டாமா?

முதலில் ஒரே ஒரு டயரைத்தான் மாற்றிக்கொண்டேன். மாற்றிக்கொண்டேன் என்பதைக் கவனியுங்கள். என்னுடையதை அவர் காரில் மாட்டிவிட்டுத்தான் அவருடையதை எடுத்தேன். திருடன் அந்த மெனக்கெடலெல்லாம் வைத்துக்கொள்ள மாட்டான்.

எங்கள் தெருவில் இரண்டாவது வரிசையில் நிறுத்துகிறவர், ஹேண்ட் பிரேக் போடாமல் நியூட்ரலில் விட்டுப் போக வேண்டும். வழி வேண்டியவர் தள்ளிக்கொள்வார். ருஷ்தி மரியாதை தெரிந்தவர், அப்படித்தான் விடுவார். மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் அவர் காரைத் தள்ளி வந்து என் காருக்குப் பக்கத்தில் நிறுத்துவேன். கெய்ரோவில் ஒருவன் ஸ்பானரோடு குனிந்தால் நாலு பேர் யோசனை சொல்ல வந்துவிடுவார்கள். ஒருநாள் ருஷ்தியே வந்தார். இரண்டு காரின் உறைகளையும் மாற்றிப் போர்த்தியிருந்தேன்; வெளியே ஒரு சக்கரம்தான் தெரிந்தது. என் கார் என்று நினைத்து, பக்கத்தில் குந்தி நட்டுகளைக் கையில் வாங்கிக்கொண்டார்.

“பாவம் ஹாஜியாரே, இந்த வயசுல உங்களை இந்தப் பாடு படுத்துதே இந்த வண்டி. நம்ம பயூமிகிட்ட விடுங்களேன், தங்கமான மெக்கானிக்.”

“பாக்கலாம் தம்பி” என்றேன்.

டயருக்குப் பிறகு பேட்டரி, பிளக்குகள். பிரேக் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் யோசித்தேன். வாரம் ஒருநாள் ஓட்டுகிறவருக்கு அவ்வளவு பிரேக் தேவைப்படாது என்று முடிவு செய்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ருஷ்தி ஒரு தர்பூசணிக் குவியலுக்குள் போய்த்தான் நின்றார். அடி ஒன்றுமில்லை, சட்டைதான் சிவந்தது. கோபம் முழுக்க, அவருக்குப் புதுப் பிரேக் மாட்டிய பயூமி மேல் திரும்பியது. இந்த மாதிரித் தகராறுக்கு நாங்கள் போலீசுக்குப் போவதில்லை. இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ளும் பெரியவர் ஒருவரை உட்காரவைத்துத் தீர்ப்புக் கேட்போம். இரண்டு பேருமே என் பெயரைச் சொன்னார்கள். மறுப்பது அழகல்ல.

“என் புள்ளைங்க மேல சத்தியமா புதுசைத்தான் மாட்டினேன் ஹாஜியாரே. கழட்டின பழசைக்கூட இவரு கையிலயே கொடுத்தேனே” என்றான் பயூமி.

“அப்போ புதுசு தானா எறங்கி நடந்து போயிடுச்சா?” என்றார் ருஷ்தி.

இரண்டு பக்கமும் பொறுமையாகக் கேட்டேன். பயூமி தன் செலவில் எல்லாவற்றையும் மறுபடி புதிதாக மாட்ட வேண்டும், எல்லோர் முன்னாலும் ருஷ்தியின் தலையில் முத்தமிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். கண் கலங்க இரண்டையும் செய்தான். அந்தப் புதுச் சாமான்களும் நின்று கெடாதபடி நான் பார்த்துக்கொண்டேன். ருஷ்தி அதற்குப் பிறகு தீர்ப்பெல்லாம் கேட்கவில்லை; தெருத் தெருவாகச் சொல்லிவிட்டார். பயூமியின் பட்டறைக்கு ஆள் வருவது நின்றுபோனது.

பட்டறையை மூடிய அன்று பயூமி என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தான்.

“எல்லாரும் காறித் துப்பினாங்க. நீங்க ஒருத்தர்தான் என்னை மனுசனா நடத்துனீங்க. போறதுக்கு முன்னாடி உங்க வண்டியை ஒரு தடவை பாத்துக் கொடுத்துட்டுப் போறேன்.”

பானெட்டைத் திறந்தான். ரொம்ப நேரம் குனிந்தே நின்றான்.

“யாரு ஹாஜியாரே இதைப் பாக்குறது? எல்லாமே ஒரிஜினல் சாமான். இப்படியொரு நேர்மையான ஆளு இன்னும் தொழில்ல இருக்கானா? அவர்கிட்ட எனக்கு ஒரு வேலை கேட்டுப் பாருங்களேன். தரை கூட்டுற வேலைன்னாலும் சரி.”

நைலுக்கு அக்கரையில் கீஸாவில் ஒருவர் இருக்கிறார் என்றேன். அப்படி யாரும் இல்லை. முகவரி கேட்டான். தெரு, கதவு எண், எந்தப் பஸ்ஸில் போக வேண்டும் என்பது வரை விவரமாகச் சொல்லி அனுப்பினேன். வேலையில்லாமல் வந்து நிற்பவனை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனசு வருவதில்லை.