குப்பம்மாவிடம் பாடம் கேட்ட பேராசிரியருக்கு

அயனம்பாக்கம் ஏரிக்கரையிலிருந்து அன்றாடம் பேருந்தேறி ஆவடி வந்து, முப்பத்தோராண்டுகள் எம் கல்லூரியின் சமூகவியல் துறைக்குச் சுடராய்த் திகழ்ந்து, இன்று பணி நிறைவு பெறும் பேராசிரியர் தாட்சாயிணி அம்மையாரே! அன்பு கனிந்த வணக்கம்!

அயராத அறிவுச் செல்வியே!

1985இல் தங்களைக் காசநோய் பற்றியது. நான்கு மாதம் மருத்துவமனை வாசம். அங்கும் சும்மாயிராமல், அடுத்த கட்டிலில் இருந்த பாரிவாக்கத்துச் செங்கற்சூளைத் தொழிலாளி குப்பம்மாவிடம், துறையின் கணக்கெடுப்புப் படிவத்தோடு, "குடும்பத்தில் எத்தனை பேர்?" என்று கேட்டீர்கள்.

"வர்றப்போ ஆறு பேரு. நோவுன்னதும் ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இப்போ எனுக்கு நீ கீற, உனுக்கு நான் கீறேன். ரெண்டுன்னு எழுதிக்கோம்மா" என்றார் அவர்.

படிவத்தில் அதற்குக் கட்டமில்லை. இருபதாண்டுகள் தாங்கள் கற்பித்த பாடத்திலும் இடமில்லை.

பொறுமையின் பொற்குன்றே!

நலம்பெற்றுத் திரும்பிய தங்களை நாங்கள் வரவேற்ற விதத்தை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறோம். இனித் தொற்றாது என்ற மருத்துவர் கடிதத்தைப் படித்த பின்னும், தங்கள் நாற்காலியைச் சன்னலோரம் தள்ளினோம். தனி டம்ளர் வைத்தோம். சமூக விலக்கம் பற்றி வாரந்தோறும் வகுப்பெடுத்த நாங்கள்! அன்று தாங்கள் நூலகத்தில் அழுததை நூலகர் ஹில்டா பின்னாளில்தான் சொன்னார்.

மறுவாரமே, தங்களைப் போலவே குணமாகியிருந்த குப்பம்மாவை வகுப்புக்கு அழைத்து வந்து, ஆசிரியர் நாற்காலியில் அமர்த்தினீர்கள். தாங்கள் அழைத்ததால் வந்து சுவரோரம் ஒண்டிய எங்களைப் பார்த்து, "இன்னா சார், எல்லாம் நின்னுகினு கீறீங்கோ? குந்துங்க, ஒட்டிக்காது!" என்றாரே அவர்! மாணவர் சிரித்த சிரிப்பில் எங்கள் மானம் போனது, மடமையும் போனது.

புதுப்பாதை வகுத்த பெருந்தகையே!

பழைய படிவத்தை ஒதுக்கினீர்கள். "விழுந்தவரை யார் தாங்கினார், யார் விலக்கினார் என்று கேளுங்கள், சமூகம் அங்கேதான் தெரியும்" என்றீர்கள். செம்பரம்பாக்கம் வரை வீடு வீடாகச் சென்று கேட்ட மாணவரிடம், அதுவரை எவரும் விசாரிக்காத மனிதர்கள் பொழுது சாயும்வரை பேசினார்கள். "இதெல்லாம் ஆய்வா?" என்று முகஞ்சுளித்த துறைத்தலைவர் பால்ராஜ், அவ்வறிக்கைகளைப் படித்தபின் அதையே இரண்டாமாண்டுக்குக் கட்டாயப் பாடமாக்கினார். இம்மடலின் முதற் கையொப்பமும் அவருடையதே!

அம்மையாரே! நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க என நெஞ்சார வாழ்த்துகிறோம். ஒருவேளை உடல் தளர்ந்தால், ஒரு கடுதாசி போடுங்கள். பேருந்து பிடித்து வந்து தங்கள் கட்டிலோரம் அமர்வோம்; தள்ளி அல்ல, ஒட்டியே அமர்வோம்.

ஆவடி, 31.5.1996
பால்ராஜ், ஹில்டா, மணவாளன், சகாயமேரி
மற்றும் தங்களிடம் தாமதமாகப் பாடம் கற்ற சக பணியாளர்கள்